முறத்தில் வந்த பதினொரு கிழங்குகள்

ஏற்காட்டு அன்பர்களுக்கு,

பெருமழை பெய்த அந்த வாரத்தைப் பற்றி மீண்டும் எழுத மனமில்லை; மலையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் சம்பங்கித் தொட்டிகள் நேற்று மறுபடியும் சன்னலோரம் வந்துவிட்டன. அதற்குக் காரணமானவர்களுக்கே இந்த மடல்.

கூரையைச் சரிசெய்த பெற்றோர், மக்கிய இலைமண் தந்த காப்பித் தோட்டத்தார், தெரிந்த விவசாயியிடம் சொல்லிக் கிழங்கு வாங்கி அனுப்பிய சேலத்துப் பூ வியாபாரி, அந்தச் சாக்கை இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உருளாமல் காத்துவந்த பேருந்து நடத்துனர் ஆகிய அனைவருக்கும் எங்கள் நன்றி. மாநில மலராயிற்றே என்று செங்காந்தள் கிழங்கு கொண்டுவந்தவர் பொறுத்தருள வேண்டும். அது நஞ்சு, சிறு பிள்ளைகள் கைக்கு ஆகாது என்பதால்தான் திருப்பித் தந்தேன்.

பள்ளிக்கு எதிர்வீட்டுப் பாட்டி செய்ததை மட்டும் தனியே சொல்லியாக வேண்டும். தொட்டிகளைக் கவிழ்த்தபோது அடித்த நாற்றத்தில், 26 கிழங்குகளும் அழுகிவிட்டன என்று முடிவுகட்டிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டேன். அவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, கொழகொழத்தவற்றைத் தள்ளிவிட்டு, கெட்டியானவற்றைத் துடைத்துத் தம் திண்ணை நிழலில் உலர்த்தியிருக்கிறார். எடுத்த கிழங்கை ஒரு மாதம் ஆறப்போட்டு நடுவதே முறை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து முறத்தோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். அதில் பதினொரு கிழங்குகள் இருந்தன. பிள்ளைகள் கிழங்கின் கழுத்தில் கட்டியிருந்த பெயர்த்துணிகளை அவர் அவிழ்க்கவே இல்லை. துணியைக் கட்டியபடியே அலசி உலர்த்தியிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. “அவுத்தா எது யாருதுன்னு எனக்குத் தெரியாது டீச்சரம்மா, மாறிப்போனா புள்ளைங்க ஏமாந்துடும்” என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மழையின்மேல் மட்டும் பழியைப் போடுவது நேர்மையன்று. தொட்டிகளாக வைத்த தயிர் டப்பாக்களின் அடியில் துளையிடாமல் விட்டது என் பிழை. தேங்கிய நீரே கிழங்குகளை அழுகச் செய்தது. இனி மூன்று துளையிட்டு, அவற்றின்மேல் ஓட்டாஞ்சில்லு பரப்பாமல் ஒரு பிடி மண்ணும் போட மாட்டேன்.

மீதிப் பதினைந்து பிள்ளைகளுக்குச் சேலத்துக் கிழங்குகள் கிடைத்தன. அவற்றில் மிஞ்சிய ஒன்றைப் பாட்டிக்கென்று 27ஆம் தொட்டியில் நட்டிருக்கிறார்கள். அதற்கான துணி மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பாட்டி, பாட்டி என்றே அழைத்துவந்த எங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. நாளைக் காலை வகுப்பே திரண்டு போய்க் கேட்டுவரப் போகிறோம்.

நன்றியுடன்,
இரண்டாம் வகுப்பு ஆசிரியை