ஒரு பாட்டோடு நின்றுவிடாத கார்டிகன்ஸ்

அன்புள்ள முரளி,

நலம், நலமறிய ஆவல். உன் மகள் கிதார் கற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, செய்தித்தாளைப் பழையபடி ஒரு வரி விடாமல் படிக்கத் தொடங்கிவிட்டார். மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. எனவே நீ கேட்டிருந்த கேள்விக்கே வந்துவிடுகிறேன். ‘லவ்ஃபூல்’ என்ற ஒரே பாட்டுக்காக ‘தி கார்டிகன்ஸ்’ என்ற ஸ்வீடன் பாப் இசைக்குழுவை நான் இத்தனை காலம் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது ஏன் என்று கேட்டிருந்தாய். அந்தப் பாட்டோடு அவர்களை நிறுத்திக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நீயும் அவர்களில் ஒருவனாகிவிடக் கூடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அவர்களுடைய ஊர் தெற்கு ஸ்வீடனில், வெட்டெர்ன் ஏரியின் தென்முனையில் இருக்கும் யோன்ஷோப்பிங். தீப்பெட்டித் தொழிலுக்கும் கிறித்தவப் பக்திக்கும் பெயர்போன ஊர் அது. அங்கே 1992இல் கிதார் கலைஞர் பீட்டர் ஸ்வென்சனும் பேஸ் கிதார் வாசிக்கும் மாக்னஸ் ஸ்வெனிங்சனும் சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். இருவரும் அதற்கு முன் ஹெவி மெட்டல் என்ற, மின்கிதார் கனத்து முழங்கும் இசையை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதை மட்டும் நீ மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் அதோடு தொடர்புடையது. டிரம்ஸுக்கு பெங்ட் லாகர்பெர்க், கீபோர்டுக்கும் இரண்டாவது கிதாருக்கும் லாஸ்ஸே யோஹான்சன், பாடுவதற்கு நீனா பெர்சன் என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். நீனா அப்போது ஓவியம் படித்துக்கொண்டிருந்த மாணவி. தொழில்முறையாகப் பாடிய அனுபவம் அவருக்கு இல்லை. அந்தக் குரலில் பயிற்சியின் மெருகைவிட ஒருவர் அருகில் உட்கார்ந்து பேசும் இயல்பு அதிகம் இருப்பதற்கு அதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது.

அவர்கள் பதிவுசெய்து அனுப்பிய மாதிரி ஒலிநாடாவைக் கேட்டு அழைத்தவர் டோரே யோஹான்சன். மால்மோ நகரில் ‘எக்ஸ்டோன்’ என்ற குழுவினரோடு சேர்ந்து அவர் ‘டாம்பரின்’ என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்தார். கார்டிகன்ஸின் ஒலி உருவானது அங்கேதான். உலகம் முழுவதும் கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் இசையின் இரைச்சலில் மூழ்கியிருந்த அந்த ஆண்டுகளில், இவர்கள் பழைய அனலாக் கருவிகளைக் கொண்டு 1960களின் மெல்லிசைச் சாயலைத் தேடிப் போனார்கள். எதிரொலி அதிகம் இல்லாமல் காதருகே கேட்கும் டிரம்ஸ், வட்டமாக உருளும் பேஸ், இடையிடையே புல்லாங்குழல், டிரம்பெட், வைப்ரஃபோன், இவற்றின் நடுவே ஒருபோதும் குரலை உயர்த்தாத நீனா என்று 1994இல் வந்த ‘எம்மர்டேல்’, 1995இல் வந்த ‘லைஃப்’ ஆகிய இரண்டு ஆல்பங்களும் அமைந்திருக்கின்றன. இவற்றுக்கு ஜப்பானில் கிடைத்த வரவேற்பு எவ்வளவு பெரிது என்றால், போனி பிங்க், தொமோயோ ஹராடா போன்ற ஜப்பானியப் பாடகியர் அதே ஒலிக்காக மால்மோ வரை வந்து டோரே யோஹான்சனிடம் பதிவுசெய்துகொண்டார்கள்.

ஆனால் இந்த மென்மை அவர்கள் யோசித்துத் தேர்ந்துகொண்ட ஒன்று. முதல் ஆல்பத்திலேயே ஹெவி மெட்டல் முன்னோடிகளான பிளாக் சப்பாத் குழுவின் ‘சப்பாத் பிளடி சப்பாத்’ இருக்கிறது. மூன்றாவதில் அதே குழுவின் ‘அயர்ன் மேன்’ இருக்கிறது. அவர்களுடைய பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் அடிவயிற்றிலிருந்து கதறும் அந்தப் பாட்டை நீனா ஏறக்குறைய தாலாட்டுவது போலப் பாடுகிறார். மேலோட்டமாகக் கேட்பவர்கள் அதை வேடிக்கை என்று எண்ணிவிடுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார், மின்கிதாரின் கனத்தை எடுத்துவிட்டாலும் அந்த மெட்டின் துயரம் அப்படியே நிற்பது தெரியும். தாங்கள் வளர்ந்த இசையின் எடையை விட்டுவிடாமல், அதைக் கேட்பவர் எதிர்பாராத இடத்தில் ஒளித்து வைத்தார்கள் என்றுதான் நான் கொள்கிறேன்.

இப்போது ‘லவ்ஃபூல்’ பாட்டுக்கு வருவோம். 1996இல் ‘ஃபர்ஸ்ட் பேண்ட் ஆன் தி மூன்’ ஆல்பத்தில் வந்தது. அதே ஆண்டு வெளியான பாஸ் லூர்மனின் ‘ரோமியோ + ஜூலியட்’ படத்தில் இடம்பெற்றதால் உலகெங்கும் பரவி, 1997இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. முதலில் அது மெதுவான, போஸா நோவா என்ற பிரேசில் மெல்லிசை நடையில் இருந்த பாட்டு. ஒத்திகையில் பெங்ட் டிஸ்கோ தாளம் ஒன்றை வாசிக்கப்போய், அதன்பின் அந்தத் தாளத்தை விட்டு வெளியே வர முடியவில்லை என்று நீனாவே சொல்லியிருக்கிறார். உன் மகளிடம் இந்தப் பாட்டின் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை, வாசித்துப் பார்க்கச் சொல். சரணம் சோகச் சாயல் கொண்ட ஏ மைனர் சுர வரிசையில் நடக்கிறது, காதலன் கைநழுவிப் போகிறான் என்ற கவலை அதில் இருக்கிறது. பிறகு, உண்மையாக இல்லாவிட்டாலும் என்னை விரும்புவதாகப் பொய்யாவது சொல் என்று அவள் மன்றாடத் தொடங்கும் இடத்தில், பாட்டு பளிச்சென்று ஒலிக்கும் ஏ மேஜருக்குத் தாவுகிறது. தன்மானத்தை முற்றிலும் இழக்கும் கணத்தில்தான் இசை வெயில் அடித்தாற்போல மலர்கிறது! கோடிக்கணக்கானோர் உற்சாகமாக ஆடிய பாட்டின் நடுவில் இப்படி ஒரு வலி இருப்பதை, அந்த ஒரு மாற்றத்தைக் கவனித்த பிறகுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

அந்த வெற்றி அவர்கள் மீது ஒரு பிம்பத்தைச் சுமத்தியது. அதற்கு அவர்கள் கொடுத்த பதில்தான் 1998இல் வந்த ‘கிரான் டுரிஸ்மோ’. அதே டோரே யோஹான்சன்தான் தயாரிப்பாளர். ஆனால் இம்முறை கணினியில் வெட்டி ஒட்டிச் செதுக்கிய ஒலி. புல்லாங்குழலும் டிரம்பெட்டும் மறைந்து, கரகரப்பான கிதாரும் இயந்திரத்தனமான தாளமும் குளிர்ந்த கீபோர்டு ஒலிகளும் வந்து சேர்ந்தன. பாடல் வரிகளின் பொறுப்பும் பெரும்பாலும் நீனாவின் கைக்கு வந்தது. ‘மை ஃபேவரிட் கேம்’ பாட்டின் தொடக்கத்தில் கீழ்நோக்கி வழுக்கும் அந்த கிதார் வரியைக் கேட்டால், 1992க்கு முன் மெட்டல் வாசித்த அந்த இளைஞர்கள் மறைவிடத்திலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் என்பது விளங்கும். யோனாஸ் ஓகர்லுண்ட் இயக்கிய அதன் வீடியோவில், ஆக்ஸிலரேட்டர் மீது கல்லை வைத்துவிட்டுப் பாலைவனச் சாலையில் எதிர்வரும் வண்டிகளை நோக்கிக் காரை ஓட்டுகிறார் நீனா. தொலைக்காட்சிகள் அதை வெட்டியும் மாற்றியும்தான் காட்டின.

அதன்பின் நீண்ட இடைவெளி. நீனா ‘ஏ கேம்ப்’ என்ற பெயரில் 2001இல் தனியாக ஓர் ஆல்பம் தந்தார். 2003இல் குழு மீண்டும் கூடி வெளியிட்ட ‘லாங் கான் பிஃபோர் டேலைட்’ அமெரிக்க ‘கன்ட்ரி’ இசையின் சாயல் கொண்ட, நிதானமான ஆல்பம். அதில் ‘அண்ட் தென் யூ கிஸ்ட் மி’ என்ற பாட்டு, காதலும் அடியும் பின்னிக்கிடக்கும் ஓர் உறவை எந்த அலங்காரமும் இல்லாமல் முன்வைக்கிறது. தொடக்க காலத்தில் இந்தக் குழு கண்ணாமூச்சி ஆடிச் சொன்னதையெல்லாம் இங்கே நேருக்கு நேர் சொல்கிறது என்பதால், மற்றவர்கள் எதைக் கொண்டாடினாலும் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இந்த ஆல்பம்தான். 2005இல் வந்த ‘சூப்பர் எக்ஸ்ட்ரா கிராவிட்டி’க்குப் பிறகு புதிய ஆல்பம் இன்றுவரை வரவில்லை. 2012இல் ஹுல்ட்ஸ்ஃப்ரெட் இசைவிழாவில் ‘கிரான் டுரிஸ்மோ’ முழுவதையும் வாசிப்பதற்காக மீண்டும் மேடையேறினார்கள். ஆனால் பெரும்பாலான மெட்டுகளை அமைத்த பீட்டர் ஸ்வென்சன் அதில் சேரவில்லை. அவர் பிறருக்கு மெட்டமைக்கும் பாதையில் போய்விட்டார். 2015இல் கனடியப் பாடகர் தி வீக்எண்ட் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘கான்ட் ஃபீல் மை ஃபேஸ்’ பாட்டில் அவர் பங்கும் உண்டு. மெட்டமைப்பவர் இல்லாமல் புதிய ஆல்பம் சாத்தியமா என்ற கேள்வி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது.

நீ கேட்கத் தொடங்குவதானால் ‘லைஃப்’ ஆல்பத்தின் ஸ்வீடன் பதிப்பைத் தேடிப் பிடி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அதே பெயரில் வந்தவற்றில் ‘எம்மர்டேல்’ பாட்டுகளையும் கலந்துவிட்டார்கள். அதற்கு அடுத்து ‘கிரான் டுரிஸ்மோ’, பிறகு 2003இன் ஆல்பம் என்ற வரிசையில், நல்ல ஹெட்ஃபோனில் கேள். எந்தப் பாட்டு உன்னைப் பிடித்துக்கொண்டது என்று மட்டும் மறக்காமல் எழுது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்