போதும் என்ற சேதி தாமதமாகத்தான் வரும்

அன்புள்ள மகளுக்கு,

"அதிகமாக ஒன்றும் சாப்பிடவில்லை, எடை மட்டும் ஏறுகிறது" என்று எழுதியிருந்தாய். நீ சொல்வதை நம்புகிறேன். கூடுதல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல்தான் உள்ளே போகிறது. மாவுச்சத்து, புரதம் இரண்டிலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 120 கலோரி. அரை மணி நேரம் நடந்து செலவழிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நடப்பதை விடாதே, ஆனால் நடந்தோமே என்று கூடுதலாக ஒரு கை சாப்பிடாதே. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்று.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினம் 100 கலோரி மிஞ்சினால், வெறும் கணக்குப்படி 77 நாளில் ஒரு கிலோ. உண்மையில் இவ்வளவு வேகமாக ஏறாது; உடம்பு கனக்கக் கனக்க அதன் செலவும் கூடும், ஓரிடத்தில் எடை நின்றுவிடும். ஆனால் அந்தப் புது எடையிலேயே நிற்கும், அதுதான் சிக்கல்.

குடலிலிருந்து 'போதும்' என்ற சேதி மூளைக்கு முழுதாய்ப் போய்ச்சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். நீயோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்கிறவள். முதலில் காய்கறியும் புரதமும் சாப்பிடு, மாவுப்பண்டம் பிறகு. இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ளும் முன் பத்து நிமிடம் பொறு. அப்போதும் பசித்தால் தாராளமாகச் சாப்பிடு.

பாக்கெட் உணவில் இந்த வேகம் இன்னும் மோசம். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலைப் பக்குவ உணவும், இரண்டு வாரம் வீட்டுப் பக்குவத்துக்கு நெருங்கிய உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவின்போது தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள், வேகமாகவும் தின்றார்கள். இரண்டு வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது.

காலை உணவைத் தவிர்த்துவிட்டு இரவில் ஈடுகட்டாதே. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். இனிப்புப் பானங்கள் கலோரியைத் தரும், வயிற்றை நிரப்பாது.

வாரம் ஒருமுறையாவது, நிறுத்த முடியாமல் குறுகிய நேரத்தில் அளவின்றித் தின்றுவிட்டுப் பிறகு கூனிக்குறுகிப்போவது மாதக்கணக்கில் நடந்தால், அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். பெருந்தீனி என்று உன்னை நீயே திட்டிக்கொண்டு மறைக்காதே. என்னிடமும் சொல்லலாம்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். இடுப்புச் சுற்றளவு உன் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று நாடாவால் அளந்து எழுது.

அன்புடன்,
அம்மா