குறிப்புத்தாள் இல்லாத படம் பாதி ஆவணமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் வீடுகளில் உள்ள பழைய உருவ ஓவியங்களைக் கலை ஆய்வு நூலகங்களுக்காகப் படமெடுப்பது பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் கேமராவின் திறனைப் பற்றியே பேசுகிறார்கள். படத்தோடு சேர்த்து எழுதப்படும் குறிப்புத்தாளுக்கும் அதே அக்கறை வேண்டும் என்பதே என் கருத்து.

நியூயார்க்கில் 1920இல் நூலகம் ஒன்றை நிறுவிய ஹெலன் கிளே ஃப்ரிக், லண்டனில் சர் ராபர்ட் விட் சேர்த்திருந்த ஓவியப் படத்தொகுப்பை முன்மாதிரியாகக் கொண்டவர். அவருடைய நூலகம் 1922 முதல் 1967 வரை அமெரிக்காவின் பல பகுதிகளுக்கும் ஆட்களை அனுப்பி, வெளியார் பார்வைக்கு வராத குடும்ப ஓவியங்களை வீடுவீடாகப் படமெடுத்தது. பின்னாளில் அழிந்துபோன, இருக்குமிடம் தெரியாமற்போன ஓவியங்கள் சிலவற்றுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களே எஞ்சிய சாட்சி. ஆனால் ஓவியர் யார், வரையப்பட்டவர் யார், அளவு என்ன, எவரிடமிருந்து எவருக்குக் கைமாறியது என்ற விவரங்கள் உடனில்லாவிட்டால், அவை பெயரற்ற முகங்களாகவே நின்றிருக்கும்.

ஓவியத்தின் பின்புறத்தைப் பலர் படமெடுப்பதே இல்லை. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. கித்தான் (ஓவியம் தீட்டும் துணி) விற்றவரின் முத்திரை, ஏல நிறுவனத்தின் சீட்டு, யாரோ மையால் எழுதிய பெயர் ஆகியவை இருப்பது அங்கேதான். நைந்த கித்தானுக்குப் பின்னால் புதுத்துணி ஒட்டிச் செப்பனிடும்போது அந்த எழுத்துகள் மறைந்துவிடும் என்பதால், செப்பனிடுவதற்கு முன்பே அவற்றைப் பதிவு செய்துவிட வேண்டும். வரையப்பட்டவர் இன்னார் என்று குடும்பத்தார் சொல்வதையும் அப்படியே ஏற்றுவிட முடியாது. உடையின் பாணி அவர் இறந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருப்பதும் உண்டு. அதற்காக அவர்கள் சொன்னதை விட்டுவிடாமல், ‘குடும்பத்தார் கூற்று’ என்று தனியே குறித்து வைப்பதே முறை. முகப்பைப் படமெடுக்கையில் அளவுகோலும் நிறங்களை ஒப்பிட உதவும் வண்ண அட்டையும் ஓரத்தில் இருக்கட்டும். பக்கவாட்டு ஒளியில் இன்னொரு படம் எடுத்தால் வெடிப்புகளும் தூரிகைத் தடங்களும் தெரியவரும்.

உரிமையாளர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் விலைமதிப்புள்ள ஓவியம் இருப்பது ஊரறிந்த செய்தியாவதை எவர்தான் விரும்புவார்? எனவே பொதுப் பட்டியலில் ‘தனியார் சேகரிப்பு’ என்று மட்டும் குறித்து, பெயரையும் முகவரியையும் நூலகத்தின் மூடிய கோப்பில் வைப்பதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். (ஓவியம் ஒருவருடைய உடைமை என்பதாலேயே அதன் பதிப்புரிமையும் அவருடையதாகிவிடாது, ஓவியர் வாழ்ந்துகொண்டிருந்தாலோ அண்மையில் மறைந்திருந்தாலோ அந்த அனுமதியைத் தனியே பெற வேண்டியிருக்கும்.)

படங்களின் ஒரு பிரதியையும் குறிப்புத்தாளின் நகலையும் உரிமையாளரிடமே கொடுத்துவிடுவது நல்லது. ஓவியம் விற்கப்பட்டாலோ குடும்பப் பாகப்பிரிவினையில் கைமாறினாலோ நூலகத்துக்குத் தெரிவிக்கும்படி அந்த நகலிலேயே ஒரு வரி அச்சிட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்