அரை சதவீதம் குறைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நேஷனல் ஃபுட்பால் ஃபவுண்டேஷன் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். முதலில் நன்றி. கையால் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு கோச்சின் பெயர் பரிசீலனைக்கு வர வேண்டுமானால், ஆடிய ஆட்டங்களில் 60 சதவீதமாவது வென்றிருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தீர்கள். 2025 மே மாதம் அதை 59.5 ஆகக் குறைத்தீர்கள். 2027 தேர்விலிருந்து அது நடைமுறை. மறைந்த கோச் மைக் லீச்சின் கணக்கு 59.6. ஜாக்கி ஷெரில் போன்ற கோச்சுகளுக்கும் இதனால் வழி பிறந்தது, சரி. ஆனாலும் அந்த அரை சதவீதம் யாரை மனத்தில் வைத்துக் குறைக்கப்பட்டது என்பது ஊருக்கே தெரியும்.

நன்றி சொன்ன கையோடு சண்டையும் போட்டுவிடுகிறேன். விதி தப்பு என்று தெரிந்துதானே குறைத்தீர்கள்? அப்புறம் ஏன் அதை எடுத்துவிடாமல் லீச் நுழையும் அளவுக்கு மட்டும் கத்தரித்தீர்கள்? கட்-ஆஃபில் அரை மதிப்பெண் குறைந்து இடம் போன பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர் இருந்த ஊரில் வளர்ந்தவன் நான். தசம புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்குத் தகுதி என்று பெயர் வைத்தால் எனக்குச் சட்டென்று கோபம் வரும்.

லீச்சின் மொத்தக் கணக்கு 158 வெற்றி, 107 தோல்வி. ஆக 265 ஆட்டம். அந்தத் தோல்விகளில் ஒன்றே ஒன்று வெற்றியாகியிருந்தால் 159. அது மிகச் சரியாக 60 சதவீதம்! 2019 செப்டம்பரில் யூ.சி.எல்.ஏ. கல்லூரிக்கு எதிராக, அப்போது லீச்சின் அணியான வாஷிங்டன் ஸ்டேட் 49–17 என்று முன்னால் இருந்தது. கடைசியில் 67–63 என்று தோற்றது. அந்த ஒரு ராத்திரி கொஞ்சம் ஒழுங்காகப் பந்தைப் பிடித்திருந்தால் நீங்கள் விதியைத் தொட வேண்டிய வேலையே இருந்திருக்காது.

நீங்கள் எண்ணும் ஆட்டங்கள் எந்த ஊரில் நடந்தன என்பதையும் பாருங்கள். மேற்கு டெக்சாஸின் பருத்திக் காட்டு நடுவில் இருக்கிறது லப்பக். நல்ல ஆட்டக்காரப் பையன்களை ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் நார்மனில் இருக்கும் ஓக்லஹோமாவும் அள்ளிக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பவர்கள்தான் லப்பக்கின் டெக்சாஸ் டெக்குக்கு. அவர்களை வைத்துக்கொண்டு லீச் பத்து வருடம், 84–43. பத்து வருடமும் தவறாமல், நன்றாக ஆடிய அணிகளுக்கு சீசன் முடிவில் கிடைக்கும் பௌல் ஆட்டம். 2008 நவம்பர் 1 அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த டெக்சாஸை, கிரகாம் ஹாரல் எறிந்து, ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது மைக்கேல் கிராப்ட்ரீ கோட்டுக்குள் கொண்டுபோன பந்தில் வீழ்த்தினார்கள். பிறகு கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் புல்மன், வாஷிங்டன் ஸ்டேட்டின் ஊர். லீச் போவதற்கு முந்தைய நான்கு வருடத்தில் வாஷிங்டன் ஸ்டேட் வென்றது 9, தோற்றது 40. அங்கே அவர் எடுத்த 55–47 உங்கள் தராசில் பாரமாகிவிட்டது. பெரிய கல்லூரியில் சொகுசாக உட்கார்ந்து வென்றிருந்தால் இந்த வம்பே இல்லை.

இந்த மனிதர் கல்லூரி அணியில் ஆடியதே இல்லை. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, வக்கீல் தொழில் பக்கம் போகாமல் குறைந்த சம்பளத்துக்குக் கோச் ஆனவர். நடுவில் பின்லாந்து போய்க்கூட ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். ஐயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் கோச் ஹால் மம்மியோடு சேர்ந்து வளர்த்ததுதான் ‘ஏர் ரெய்டு’ என்ற ஆட்டமுறை. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி, சில ஆட்ட உத்திகளை மட்டுமே வைத்துக்கொண்டு, அவற்றையே சலிக்காமல் பழகுவது. ‘மெஷ்’ என்பது அதில் ஒன்று. எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டு ரிசீவர்கள் தோள் உரச ஒருவரையொருவர் கடந்து ஓடுவார்கள். துரத்துகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற கோச்சுகள் உத்திகள் எழுதிய பெரிய அட்டையை வாய்க்கு மறைப்பாகப் பிடித்து நிற்கும்போது, இவர் கையில் மடித்த ஒரு தாள் இருக்கும், அவ்வளவுதான்.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஆகலாம் என்று வந்த, இன்று பெயர்பெற்ற கோச்சான லிங்கன் ரைலியை, ஆட வேண்டாம், பயிற்சியில் உதவு என்று பக்கத்தில் வைத்துக்கொண்டவரும் இவர்தான். ரைலியின் கையில், கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வென்ற மூவர் உருவானார்கள். இதெல்லாம் எந்த சதவீதத்தில் ஏறும்?

2009 இறுதியில் டெக்சாஸ் டெக் அவரை வேலையை விட்டு நீக்கியதை நான் மறைக்கவில்லை. தலையில் அடிபட்ட ஒரு மாணவரை நடத்திய விதம் பற்றிய புகார் அது. லீச் அதை மறுத்தார். வாக்களிப்பவர்கள் அதை எடைபோடட்டும், அதன் பிறகு வேண்டாம் என்றே சொல்லட்டும். ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்லும் ‘வேண்டாம்’ எனக்குச் சம்மதம்.

2022 டிசம்பர் 12 அன்று 61 வயதில் அவர் இறந்துபோனார். கணக்கு இனி மாறாது. அடுத்து 59.4 என்று ஒருவர் வருவார், அப்போதும் கத்தரிக்கோலை எடுப்பீர்களா? பத்து வருடம், நூறு ஆட்டம் என்ற நிபந்தனைகளை வைத்துக்கொள்ளுங்கள், சதவீதத்தை எடுத்துவிடுங்கள். வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் அவர் போகும்முன் அந்த அணி எப்படி இருந்தது என்றும் ஒரு வரி போடுங்கள்.

முடிவெடுக்க உட்காரும் அன்று 2021 செப்டம்பர் 18, மெம்ஃபிஸ் – மிசிசிப்பி ஸ்டேட் (லீச்சின் கடைசி அணி) ஆட்டத்தையும் ஒரு தடவை ஓடவிடுங்கள். உதைத்த பந்து நின்றுவிட்டது என்று எல்லோரும் நடக்கிறார்கள், நடுவரே ஆட்டம் நின்றது என்று கையை ஆட்டிவிட்டார். மெம்ஃபிஸ்காரர் ஒருவர் மட்டும் பந்தைப் பொறுக்கிக்கொண்டு 94 கெஜம் ஓடி டச்டவுன் போடுகிறார். நடுவர் செய்தது தவறு என்று மிசிசிப்பி ஸ்டேட் ஆடும் லீக்கான எஸ்.இ.சி. பிறகு ஒப்புக்கொண்டது. லீச்சின் அணி தோற்றது 31–29.

இப்படிக்கு,
சனிக்கிழமை ராத்திரிகளை இந்த ஆட்டத்துக்குத் தொலைத்த ஒருவன்