சிரித்துவிட்டுக் கொப்பியை மூடிவிடுங்கள்

மலையகத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் தரம் 1 முதல் தரம் 5 வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அவ்வகுப்புகளின் தவணைப் பரீட்சைகளுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புமிக்க ஆசிரியச் சகோதர சகோதரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரே நாளில் மூன்று வட்ஸ்அப் குழுக்களின் வழியாக ஒரே படம் என் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. தரம் 3இல் படிக்கும் பிள்ளை ஒருவரின் வினாத்தாளில் ஒரு பக்கம் அது. 'உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர்?' என்ற கேள்விக்கு, கோட்டை விட்டு விலகாத அழகான எழுத்தில், காணியை அளக்கும் அலகில் '7 பேர்ச்சஸ்' என்று விடை எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பெரியதொரு பிழைக் குறி. படத்தின் கீழே, அனுப்பியவர்கள் சேர்த்த சிரிப்பு முகங்கள் ஒரு வரிசையாக நின்றன. நானும் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. சிரித்து ஓய்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், பக்கத்தின் மேற்புறத்தில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் பாடசாலை முத்திரையும் ஒன்றுவிடாமல் தெரிவதைக் கவனித்தேன். இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தப் பக்கமே.

சிரிக்காதீர்கள் என்று கேட்பதற்காக நான் எழுதவில்லை. ஆரம்பப் பிரிவில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எவரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். 'எங்கள் பல்லி மிகவும் பெரியது. அதில் 300 மாணவர்கள் படிக்கிறார்கள்' என்ற வாக்கியத்தைத் திருத்தாத தமிழாசிரியர் மலையகத்தில் இருக்க முடியாது. சிங்களம் கற்பிக்க வந்த ஆசிரியை வகுப்பு வாசலில் நின்று, தம் மொழியில் 'வாருங்கள்' என்னும் பொருளில் 'என்ன, என்ன' என்று அன்பாகக் கையசைத்து அழைக்க, தரம் 1 பிள்ளை இருந்த இடத்திலேயே எழுந்து நின்று, 'ஒண்ணுமில்ல டீச்சர், சும்மாதான் இருக்கேன்' என்று நடுங்கிக்கொண்டே பதில் சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விடுமுறைக் கடிதம் எழுதப் பழக்கிய நாளில், கரும்பலகையிலிருந்த மாதிரியை ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்தெழுதி, கடைசியில் 'இப்படிக்கு, உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்று முடித்த பிள்ளைகள் ஒரே வகுப்பில் நான்கு பேர். தேநீர் இடைவேளையில் இவற்றைப் பேசிச் சிரிக்காவிட்டால், மழைக்காலத்தில் கூரை ஒழுகும் கட்டடத்தில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தும் நம்முடைய நாள் எப்படித்தான் நகரும்?

ஆனால் இத்தனை ஆண்டுகள் சிரித்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியிருக்கிறது. நாம் பிழை என்று எண்ணிச் சிரித்தவற்றில் கணிசமானவை பிழைகளே அல்ல. அந்த '7 பேர்ச்சஸ்' விடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பேர்' என்ற சொல்லை நம் பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் கேட்டு வளர்கிறார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு நாள் வேலை பதிந்தால் அது ஒரு பேர். நிர்ணயித்த கிலோ தேயிலைக் கொழுந்து வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். தனிவீட்டுத் திட்டம் எட்டிப் பார்த்த தோட்டங்களிலோ, 7 பேர்ச்சஸ் காணி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே பல வருடங்களாக வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்புகளில் நடக்கும் பேச்சு. வீடு என்ற சொல்லும் எத்தனை என்ற சொல்லும் ஒரே கேள்வியில் வந்தால், அந்தப் பிள்ளையின் காதில் ஒலிப்பது பெரியவர்கள் இரவில் பேசும் அந்தப் பேச்சுதான். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமியிடம் 'உன் முழுப்பேர் என்ன?' என்று நான் கேட்டபோது, அவள் தலையைக் குனிந்துகொண்டு, 'முழுப்பேர் இல்ல டீச்சர், அம்மாவுக்கு நேத்து அரைப்பேர்தான் போட்டாங்க' என்றாள். இதைக் கேட்டு அலுவலக அறையே அதிர்ந்தது. அவளுடைய தாய் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

'மலை'யும் அப்படித்தான். கிழக்கிலிருந்து முதல் நியமனம் பெற்று வந்த ஓர் ஆசிரியை, 'அம்மா மலைக்குப் போயிருக்கு' என்று சொன்ன பிள்ளையிடம், 'சிவனொளிபாத மலைக்கா?' என்று பக்தியோடு கேட்டார். 'இல்ல டீச்சர், அஞ்சாம் நம்பர் மலைக்கு' என்று பதில் வந்தது. கொழுந்தெடுக்கும் இடத்துக்கு நாம் மலை என்று சொல்வதும் அதற்கு இலக்கமிட்டிருப்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரத்திலேயே கற்றுக்கொண்டார்.

குறை சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதே மண்ணில் பிறந்தவள். தரம் 4 வகுப்பில் 'எனது வீடு' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு சிறுவன், 'எங்கள் வீட்டில் இரண்டு அரை உள்ளது' என்று எழுதியிருந்தான். அறைக்கும் அரைக்கும் வேறுபாடு தெரியவில்லையே என்று ரகரத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, மேலே பெரிய றகரத்தை எழுதி, அரைப் புள்ளியையும் வெட்டினேன். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்றுதானே என்று வகுப்பில் கிண்டலும் செய்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், அவன் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அமர்ந்துகொண்டான்.

சில வாரங்கள் கழித்து அவன் தொடர்ந்து பாடசாலைக்கு வராததால் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்துக்குத் தேடிப் போனேன். பழைய லயங்களில் காம்பரா என்னும் அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காம்பராவின் நடுவே ஒரு கொடி கட்டி, அதில் இரண்டு பழைய சேலைகளை ஊசிநூலால் இணைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவனுடைய பாட்டி எனக்குப் பலகைக் கட்டையை நகர்த்திப் போட்டு, சேலையைக் காட்டி, 'இந்த அர எங்களுக்கு, அந்த அர சின்னவன் குடும்பத்துக்கு டீச்சர்' என்றார். ஒரு காம்பரா, இரண்டு அரை. அவன் சரியாகவே எழுதியிருந்தான். எழுத்துப் பிழையை நான்தான் உண்டாக்கிக் கொடுத்திருந்தேன். அடுத்த நாளே அந்தப் பக்கத்தைத் தேடினேன். கொப்பி முடிந்துவிட்டது, அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது என்றான். அந்த அரைப் புள்ளி இன்றுவரை என் கணக்கில் கடனாகவே கிடக்கிறது.

அந்தக் காலத்தில் என் அறியாமை ஒரு வகுப்பறைக்குள் அடங்கியிருந்தது. நான் கிண்டல் செய்ததைக் கேட்டவர்கள் முப்பது பேர், அவர்களும் மதியத்துக்குள் மறந்துவிட்டார்கள். இன்று நம் கையில் தொலைபேசி இருக்கிறது. பேனாவை மூடுவதற்கு முன்பே பக்கத்தைப் படமெடுத்துவிடுகிறோம். ஆசிரியர் குழுவில் போட்ட படம் இரவுக்குள் உறவினர் குழுவுக்குப் போய், மறுநாள் காலையில் யாரோ முகநூலில் ஏற்றிவிடுகிறார்கள். தோட்டம் என்பது எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடம். கையெழுத்தைப் பார்த்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள்.

நான் கடைசியாகப் பணிபுரிந்த பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். 'எனது தந்தை' என்ற தலைப்பில் ஒரு சிறுமி, 'எனது தந்தை மிகவும் நல்லவர். 10ஆம் திகதி மட்டும் அவர் வேறு ஆள்' என்று எழுதியிருந்தாள். அந்தச் சம்பள நாளையும் மதுக்கடையான தவறணையையும் அறிந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. இவ்வளவு சிக்கனமான இரண்டு வாக்கியங்களை எந்தப் பெரிய எழுத்தாளராலும் எழுத முடியாது என்றுதான் நானும் வியந்தேன். படமெடுத்த இளம் ஆசிரியரும் பிள்ளையின் கெட்டித்தனத்தை நாலு பேர் பார்க்கட்டும் என்ற எண்ணத்தில்தான் எடுத்தார். நான்காம் நாள் அந்தத் தந்தை முடி வெட்டப் போன கடையில், கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து நாற்காலிக்காரர் அதை அவருக்கே வாசித்துக் காட்டினார். அன்று 10ஆம் திகதி அல்ல. ஆனாலும் வீட்டில் என்ன நடந்தது என்பதை மறுநாள் பிள்ளையின் கன்னத்தில் பார்த்தோம்.

தாய் பாடசாலைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று அதிபர் நாற்காலியை நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. 'புள்ள எழுதுனது பொய் இல்லீங்க டீச்சர். ஆனா அத நாங்க வீட்டுக்குள்ள வச்சிருந்தோம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, அரைநாள் வேலை போகிறதே என்று அவசரமாக மலைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த தவணையில் அதே சிறுமி அதே தலைப்பில் எழுதியதை நான் திருத்தினேன். 'எனது தந்தை ஒரு வங்கி முகாமையாளர். அவர் தினமும் காரில் வேலைக்குச் செல்வார்.' கடையில் விற்கும் வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ள கட்டுரை அது, ஒரு சந்திப் பிழைகூட இல்லாமல். முழுப் புள்ளி போடுவதைத் தவிர எனக்கு வழியிருக்கவில்லை.

இலங்கை 1991ஆம் ஆண்டு ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, சிறுவரின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் எவரும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்றும், அவர்களுடைய நற்பெயருக்கு ஊறு செய்யக் கூடாது என்றும் கூறுகிறது. சிறுவர் உரிமைகளைச் சுவரொட்டியாக எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நாமே, அந்தச் சுவருக்குக் கீழே நின்று படமெடுக்கிறோம். சிரிப்பாகத் தொடங்கும் சில வாக்கியங்கள் சிரிப்பாக முடிவதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். இரவில் யாருக்கோ பயந்து கட்டிலுக்கடியில் தூங்குவதாக ஒரு பிள்ளை வேடிக்கைபோல எழுதினால், அது குழுவுக்கு அனுப்ப வேண்டிய செய்தி அன்று. அதிபரிடம் தனியாகப் பேச வேண்டியதும், தேவையானால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்குச் சொல்ல வேண்டியதுமான செய்தி.

நான் கேட்பது கடினமானதல்ல. பிள்ளையின் கொப்பியையோ விடைத்தாளையோ படமெடுக்காதீர்கள். பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணாதீர்கள், கையெழுத்தும் ஒரு பெயர்தான். ஓய்வறையில் சொல்லிச் சிரிப்பதானால் யாருடைய பிள்ளை என்பதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள். சிவப்பு வட்டமிடுவதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, 'இதை எனக்குச் சொல்லிக் காட்டு' என்று ஒருமுறை கேளுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு வரிக்கும் இது முடியாது என்று நீங்கள் சொல்வது சரி. எந்த வரியைப் படித்துச் சிரிப்பு வந்ததோ, அந்த வரிக்கு மட்டுமாவது கேளுங்கள்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. 'எனது தோட்டம்' என்ற தலைப்பைத் தயவுசெய்து இனி யோசித்துப் போடுங்கள். ரோசாச் செடியும் வண்ணத்துப்பூச்சியும் வரும் என்று எதிர்பார்த்துப் புள்ளித் திட்டம் எழுதுகிறீர்கள். தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் என்றே அறிந்த எங்கள் பிள்ளையோ, 'எனது தோட்டத்தில் ஒரு துரையும் இரண்டு கணக்கப்பிள்ளையும் ஒரு தொழிற்சாலையும் பிள்ளைக் காம்பராவும் கோயிலும் உண்டு. பீலியில் தண்ணீர் காலையில் மட்டும் வரும்' என்று எழுதுகிறது. துரை என்றால் தோட்ட நிர்வாகி, பிள்ளைக் காம்பரா என்றால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பீலி என்றால் தண்ணீர் பிடிக்கும் இடம். அது தலைப்பை விட்டு விலகிய விடை என்று திருத்துபவர் கோடு போட்டுவிடுகிறார். பூந்தோட்டத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் பூந்தோட்டம் என்றே கேளுங்கள். இல்லையென்றால், துரையும் பீலியும் வரும் விடைக்கும் புள்ளித் திட்டத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். மூன்றாம் தவணை வினாத்தாள்கள் அச்சுக்குப் போவதற்கு முன் இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
தலவாக்கலை.