எந்தத் துறை என்று கேட்பதற்கு முன்

பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களுக்கும் நிதிநல்கைக் குழுக்களுக்கும்,

வணக்கம். வரலாறும் கலை வரலாறும் சேர்ந்த ஆய்வுகளுக்கு நெறியாளராக இருப்பவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உங்கள் அறிவிப்புகளில் பல்துறை ஆய்வுக்கு முன்னுரிமை என்று இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் துறைக்கு ஒரே ஒரு கட்டம்தான். என் மாணவி ஒருவரின் முன்மொழிவை வரலாற்று மதிப்பீட்டாளர் ‘ஓவியம் அதிகம்’ என்று திருப்பி அனுப்பினார். கலை வரலாற்று மதிப்பீட்டாளர் ‘ஆவணம் அதிகம்’ என்றார். அந்த மாணவி எழுப்பிய கேள்வி நல்லதா இல்லையா என்று இருவருமே சொல்லவில்லை.

2019-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்தில் பெண் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அங்கே புதைக்கப்பட்ட ஒரு பெண், சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். அவருடைய பல்லில் படிந்து கல்லாகிப்போன காரையை நுண்ணோக்கியில் பார்த்தபோது நீலத் துகள்கள் தெரிந்தன. சோதித்தால், லாபிஸ் லாசுலி! ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டியெடுத்து ஐரோப்பா வரை கொண்டுபோன, மிக உயர்ந்த சுவடிகளுக்கே பயன்பட்ட நிறமி அது. துகள் இன்னதென்று கருவி சொல்லிவிடும். ஆனால் ஒரு துறவியின் வாய்க்குள் அது எப்படிப் போனது? தூரிகை முனையை நாக்கில் நனைத்துக் கூராக்கும் ஓவியரின் கைப்பழக்கம் தெரிந்தவர் வேண்டும். மடங்களில் பெண்கள் சுவடி எழுதிய வரலாற்றைத் தோண்டிப் படித்தவரும் வேண்டும். மடமோ 14-ஆம் நூற்றாண்டில் தீக்கிரையாகிவிட்டது. அந்தப் பெண் பெரும்பாலும் சுவடிக்கு வண்ணம் தீட்டியவராக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் வர முடிந்தது. இந்த ஆய்வை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

துறைகள் சேராவிட்டால் வரும் நட்டமும் சிறியதல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள, 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ஓவியத்தில், சன்னலோரம் கடிதம் படிக்கும் பெண்ணுக்குப் பின்னால் நெடுங்காலம் வெறும் சுவர்தான் தெரிந்தது. அடியில் மன்மதன் உருவம் இருப்பதை எக்ஸ்ரே காட்டிய பிறகும், மறைத்தவர் வெர்மீரே என்று நம்பினார்கள். இரண்டு வண்ணப் பூச்சுகளுக்கும் நடுவே பழைய அழுக்குப் படலம் இருப்பதை ஆய்வகம் கண்டுபிடித்த பிறகுதான், மறைத்தது வேறொரு கை, அதுவும் பல ஆண்டுகள் கழித்து என்பது உறுதியானது. 2021-இல் மன்மதன் முழுசாக வெளியே வந்தான். அந்த வெறுஞ்சுவரை ஓவியரின் விருப்பம் என்று எடுத்துக்கொண்டு எழுதிய விளக்கங்களை இனி என்ன செய்வது?

சரி, படங்களை நடுநடுவே ஒட்டிவிட்டால் பல்துறை ஆய்வாகிவிடாது. அப்படி வரும் ஆய்வேடுகளைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஓவியத்தையும் சாட்சியாக நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்கும் ஆய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்படிப்பட்ட ஆய்வுக்கு இரு துறையிலிருந்தும் நெறியாளர்களை நியமித்து இருவருக்கும் சமமான பணிக்கணக்கு கொடுங்கள். மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே அறிக்கை அனுப்பாமல், ஒருமுறையாவது சேர்ந்து பேசட்டும். இன்னொரு துறையின் முறையைப் படிக்க மாணவருக்கு ஓராண்டு கூடுதலாகத் தேவைப்படும். உதவித்தொகையும் அதுவரை நீள வேண்டும். இதில் பணம் செலவாகும், தெரியும். படிவத்தில் இரண்டாவது கட்டம் போடச் செலவில்லை. அதையாவது அடுத்த அறிவிப்புக்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு நெறியாளர்