பிரிக்காத கம்பளி

குன்னூர்
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "ம்", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடறேன்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். பொங்கல் அன்றும் அப்படித்தான். அதனால்தான் பேப்பர். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, ஒரு கடிதம் எழுத வராமலா போகும்?

இந்த வருஷம் பனி அதிகம். தலைகுந்தா பக்கம் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாம். நம் தோட்டத்து வேலியைச் சாய்த்துவிட்டு ஒரு காட்டெருமை பீன்ஸ் பாத்தியில் வந்து படுத்திருந்தது. உன் அப்பா ஜன்னலில் நின்றபடி அதைப் "போங்க, போங்க" என்று மரியாதையாக விரட்டினார். பசுந்தேயிலை விலை பற்றி எழுத ஆரம்பித்தால் நானும் அவர் மாதிரி ஆகிவிடுவேன், வேண்டாம்.

பெரிய அத்தை போன் செய்தார்கள். கோவையில் ஒரு டாக்டரிடம் உங்கள் இரண்டு பேருக்கும் நாள் வாங்கிவிட்டார்களாம். கல்யாணமாகி இரண்டரை வருஷம் ஆகிறது, ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கட்டும் என்கிறார்கள். நீ போகாதே. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடு, உனக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தம் குறைவு. டாக்டரிடம் இப்போது போக வேண்டாம்.

உனக்குப் பதவி உயர்வு வந்ததை உன் சிநேகிதியின் அம்மா மார்க்கெட்டில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அங்கேயே நின்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சரி, டாக்டரிடம் ஏன் போக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வருகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் டார்வினின் மயிலைச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? நீயும்தான் கடைசி பெஞ்சில் இருந்தாய். மயில் தோகையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது என்று 1860-இல் அவர் ஒரு நண்பருக்கு எழுதினார். பிழைப்புக்கு உதவாத அவ்வளவு பெரிய தோகை எதற்கு என்ற கேள்விதான் அவரைப் படுத்தியது. 1871-இல் ஒரு புத்தகத்தில் விடை சொன்னார், பெண் மயில் தேர்ந்தெடுக்கிறது என்று. அதுவரை நன்றாகச் சொல்வேன். அந்தப் புத்தகத்தில் மனிதனைப் பற்றியும் இருக்கிறது என்று சொல்ல வரும்போது மணி அடித்துவிடும். அடிக்காவிட்டாலும் அடித்ததாக வைத்துக்கொள்வேன்.

யார்மேல் ஆசை வரும் என்பதை மயிலை வைத்துச் சொல்லிவிடலாம். யார்மேல் வராது என்பதைப் பற்றி ஒருநாள்கூட நான் வகுப்பெடுத்ததில்லை.

பின்லாந்துக்காரர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891-இல் ஒன்று சொன்னார். சின்ன வயதில் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு, பெரியவர்களான பின் ஒருவர்மேல் ஒருவருக்கு அந்த ஆசை எழாது. ரத்த உறவு உண்டா இல்லையா என்பதே கணக்கில்லை. இயற்கையே தடுப்பதற்குச் சட்டம் எதற்கு, தீயில் கை வைக்காதே என்று யாராவது சட்டம் போடுகிறார்களா என்று மானுடவியல் அறிஞர் ஃபிரேசர் மடக்கினார். மனோதத்துவம் எழுதிய ஃபிராய்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வெகுகாலம் வெஸ்டர்மார்க்கைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அப்புறம்தான் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைகளைப் பார்த்தார்கள். அங்கே அப்போது பிள்ளைகளை ஒரே விடுதியில் கூட்டமாக வளர்ப்பது வழக்கமாக இருந்தது. அப்படி வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களை ஜோசப் ஷெபர் என்பவர் 1971-இல் எண்ணினார். ஒரே குழுவில் வளர்ந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டவர்கள் பதினைந்து ஜோடிகூட இல்லை. யாரும் தடுக்கவில்லை, அவர்களுக்கே தோன்றவில்லை. ஆனால் ஆசை இருந்தது, வெளியே சொல்லவில்லை என்று, அப்படி வளர்ந்த சிலரிடம் பின்னால் பேசியவர்கள் 2009-இல் எழுதினார்கள். ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன்.

தைவான் கதை அப்படித் தள்ளிவிடக் கூடியதில்லை. அங்கே மருமகளாக வரப்போகிறவளைக் கைக்குழந்தையிலேயே கொண்டுவந்து மகனோடு சேர்த்து வளர்க்கும் வழக்கம் இருந்தது. செலவு குறைவு. வளர்த்த பெண் என்பதால் மாமியாரோடு மல்லுக்கு நிற்க மாட்டாள் என்ற நம்பிக்கை வேறு. ஆர்தர் உல்ஃப் என்ற மானுடவியல் அறிஞர் 14,000-க்கும் மேற்பட்ட பெண்களின் திருமண விவரங்களைத் திரட்டினார். மற்றக் கல்யாணங்களைவிட இவற்றில் குழந்தைகள் குறைவு, முறிவு அதிகம். மூன்று வயதுக்குள் ஒன்றுசேர்ந்த ஜோடிகளுக்கு இது இன்னும் கூடுதல். கல்யாணம் முடிந்த ஜோடி ஓடிவிடாமல் இருக்க, அறைக்கு வெளியே கையில் தடியோடு நின்றதாக ஒரு கிழவர் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

நான் தடி எடுக்கவில்லை, வெற்றிலைத் தட்டு எடுத்தேன்.

சொந்தத்தில் கட்டியதே தப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பெண்ணுக்கு மேல் சொந்தத்தில்தான் கல்யாணம். டார்வின் 1839-இல் கட்டிய எம்மாவும் அவருக்கு மாமன் மகள்தான், பத்துப் பிள்ளைகள். ஆனால் அவர் வளர்ந்த வீடு வேறு, எம்மா வளர்ந்த வீடு வேறு. விருந்துக்குப் போய் வருகிற உறவு. நம் மூளைக்குக் குடும்ப அட்டை படிக்கத் தெரியாது. யாரோடு ஒரே பாயில் புரண்டோம் என்பதுதான் அதற்குத் தெரியும். முதுமலையில் ஆண் யானை பத்துப் பதினைந்து வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறிவிடுகிறது, நாம் கல்யாணம் வரை ஒரே வீட்டில் வைத்திருக்கிறோம். என்னோடு வேலை பார்த்த படுகர் டீச்சர், தங்கள் ஊரை ஹட்டி என்பார், ஒருமுறை சொன்னார்: "எங்க ஹட்டிக்குள்ள பொண்ணு எடுக்க மாட்டோம் டீச்சர், எல்லாரும் அண்ணன் தங்கச்சிதான்." அன்று அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

டெப்ரா லீபர்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் கூட்டாளிகளும் 2007-இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். தன் அம்மா ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வளர்ப்பதைக் கண்ணால் பார்த்தாலே போதும், மூத்த பிள்ளை அந்தக் குழந்தையை உடன்பிறப்பு என்று முடிவுகட்டிவிடுகிறது. இளையதற்கு அந்தக் காட்சி கிடைக்காது. எத்தனை வருஷம் கூடவே இருந்தோம் என்பதுதான் அதன் கணக்கு.

நீ பிறந்து பதினோராம் நாள். பிரபுவுக்கு மூன்று வயது. அவனைப் பெற்ற வள்ளி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நீ பால் குடிப்பதை மூச்சு விடாமல் பார்த்தான். உன் கட்டைவிரலைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நம்ம பாப்பாவாம்மா?" என்றான். அப்போதெல்லாம் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான். அத்தை என்று திருத்தியது நான்தான். முறை தெரிந்து வளரட்டும் என்றேன். எதற்காகத் திருத்தினேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

தீபாவளிக்கு ஓசூர் வந்தபோது துண்டு தேடி அலமாரியைத் திறந்தேன். கல்யாணத்துக்கு நான் ஊட்டியில் வாங்கித் தந்த டபுள் கம்பளி, ஜிப்கூடத் திறக்காமல், விலைச் சீட்டோடு மேல்தட்டில் இருந்தது. சின்ன அறையில் ஒற்றைக் கட்டில், ஒரு தலையணை, பிரபுவின் கண்ணாடி, அவன் சார்ஜர். ஓசூரில் குளிர் எப்படி என்று மட்டும் கேட்டேன். "அவ்வளவு இல்லம்மா" என்றாய். நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு பேரும் எனக்குப் போட்டி போட்டுக்கொண்டு தோசை வார்த்தீர்கள். சின்ன வயதில் இருந்த அதே சிரிப்பு. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அதனால்தான் ஸ்கேன் வேண்டாம் என்கிறேன். அதில் தெரிய ஒன்றும் இல்லை.

நிச்சயத்துக்கு முதல் நாள் ராத்திரி நீ தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "பிரபுவை நினைச்சா எனக்கு ஸ்கூல் வேன்தாம்மா ஞாபகம் வருது" என்றாய். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றேன். பழகியதுதான் வினை என்று எனக்குத் தெரியும் மலர். இதெல்லாம் போன வாரம் படித்தது இல்லை. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது கோவைக்குப் பயிற்சிக்குப் போனேனே, அப்போதே உல்ஃபின் புத்தகத்தை நூலகத்தில் படித்துப் பச்சை அட்டை நோட்டில் குறித்தும் வைத்தேன். உன் நிச்சயத்துக்குத் தேதி குறித்த அன்று அந்த நோட்டை எடுத்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வள்ளிக்குக் கொடுத்த வாக்கு என்று ஊரெல்லாம் சொன்னேன். உன் அப்பாவும் அதை நம்புகிறார். வள்ளி அப்படி எதுவும் கேட்கவில்லை. "பிள்ளையைப் பாத்துக்கோங்க அண்ணி" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. உன்னை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. அவனை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. இரண்டையும் ஒரே தாலியில் முடிந்துவைத்தேன்.

பெரிய அத்தையிடம் அந்த நாளை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். கோபம்தான், இருக்கட்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் என்ன முடிவெடுத்தாலும், சேர்ந்திருந்தாலும் பிரிந்தாலும், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான். சிவராத்திரியை ஒட்டி லீவு கிடைத்தால் வா. அவனோடு வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. அந்தக் கம்பளியை எடுத்துக்கொண்டு வா, அப்பாவுக்கு ஆகும்.

பிரபுவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். கடைசியில் அத்தை என்று போடுவதா, அம்மா என்று போடுவதா என்று தெரியாமல் மடித்துவைத்துவிட்டேன்.

அம்மா

பின்குறிப்பு: மாத்திரையை டீயோடு சாப்பிடாதே, இரும்பு ஏறாது. ஒரு மணி நேரமாவது விட்டுக் குடி.